நகக்கண்ணில் துரிசு

உங்கள் அம்மாவின் விரலுக்கு நான் செய்துகொடுத்த களிம்பு, உங்களில் மூத்தவளின் வயிற்றுக்குள் போய்விட்டது என்று பயந்து, ஒரு அரைப்பகல் முழுதும் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். அதை என் வாயால் நீங்கள் யாரும் முழுதாகக் கேட்டதில்லை. மூத்தவளுக்கு அப்போது இரண்டு வயது, ஞாபகம் இருக்காது. மற்ற இருவரும் பிறக்கவே இல்லை. இப்போது நீங்களும் வீட்டில் எண்ணெய் காய்ச்சுகிறீர்கள், மெழுகு உருக்குகிறீர்கள், நகத்துக்குப் பூசுகிறீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் இருக்கும். மலையாளத்து ஊரில், ஸ்ரீவராகம் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறையும் அடுக்களையுமாக வாடகைக்கு இருந்தோம். எனக்குச் சாலைக் கடைத்தெருவில் வேலை. நாட்டு மருந்தும் எண்ணெயும் மொத்தமாக விற்கிற கடை. அம்மா வீட்டில் பப்படம் போட்டாள். உளுந்து மாவும் உப்பும் பப்படக்காரம் என்கிற சோடா உப்பும் சேர்த்துப் பிசைந்து, உலக்கையால் இடித்து, பரத்தி, வெயில் இருக்கும்போது முற்றத்தில் பாய் விரித்துக் காயவைப்பாள். பப்படம் பொரிந்து பூரிப்பது அந்தக் காரத்தால்தான். கை வெந்து போவதும் அந்தக் காரத்தால்தான். கார நீரில் தினமும் ஊறி, அவளுடைய நகங்கள் காகிதம் மாதிரி மெலிந்து பிளந்தன. நகத்தைச் சுற்றிய தோல், நாம் நகக்கண் என்று சொல்லுகிற இடம், நூல் நூலாக உரிந்து தொங்கும். சேலை நூல் அதில் மாட்டினால் கண்ணில் நீர் வந்துவிடும் அவளுக்கு.

முதலில் நான் செய்தது நல்ல களிம்புதான். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. வித்துராவிலிருந்து மலைத்தேனும் தேன்மெழுகும் எங்கள் கடைக்கு வரும். அந்த மெழுகில் ஒரு துண்டை எடுத்து, முதலில் தண்ணீரோடு கொதிக்கவிட்டுத் துணியில் வடிகட்ட வேண்டும். ஈயின் கால், இறகு, புழுக்கூடு எல்லாம் துணியில் நின்றுவிடும். ஆறினால் மெழுகு மேலே பாளமாக மிதக்கும். நான்கு கரண்டி எண்ணெய்க்கு ஒரு கரண்டி மெழுகு. எண்ணெயில் மூன்று பங்கு தேங்காய் எண்ணெய், ஒரு பங்கு விளக்கெண்ணெய். நேராக அடுப்பில் வைக்கக் கூடாது. ஒரு சட்டியில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் தகர டப்பாவை இறக்கி, மெழுகு கரையும் வரைக்கும் ஈர்க்குச்சியால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பதம் பார்க்க, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விடுங்கள். விரலால் தொட்டால் வெண்ணெய் போல வழுக்க வேண்டும். கல்லாக உறைந்தால் எண்ணெய் கூட்டுங்கள், ஓடினால் மெழுகு கூட்டுங்கள். மேடம் இடவம், நம் சித்திரை வைகாசி, மாத வெயிலுக்கு மெழுகு கொஞ்சம் கூடத்தான் வேண்டும்.

அம்மா வேலை முடிந்ததும் எலுமிச்சைத் தோலால் நகத்தைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, இந்தக் களிம்பை நகக்கண்ணில் பூசுவாள். பத்து நாளில் தோல் உரிவது நின்றது. எனக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

மழை பிடித்த பிறகு கை காயவே இல்லை. வலது கைப் பெருவிரலில் நகக்கண் உப்பி, நகம் ஓரத்தில் பச்சையாகி, பிறகு கறுத்தது. அதே விரலால்தான் அவள் பப்படத்தை அழுத்திப் பரத்துவாள். அக்ரஹாரத்து மாமி ஒருவர் கல்யாண வீடுகளுக்கு எங்களிடம் பப்படம் எடுப்பார். அன்றைக்கு வாசலில் நின்று கட்டு வாங்கக் கை நீட்டியவர், அந்த விரலைப் பார்த்துக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஏண்டி, என்ன விரல் இது? இந்தக் கையாலயா மாவு பிசையறே?"

"நகச்சுத்து மாமி. சரியாயிரும்."

"நகச்சுத்து இப்படிக் கறுக்குமோ? எனக்கு என்னமோ பார்க்கவே பயமா இருக்கு. பெருவியாதி இப்படித்தான் விரல்லேர்ந்து ஆரம்பிக்கும்பா. டாக்டர்ட்ட காட்டு. காட்டினப்புறம் சொல்லி அனுப்பு, அப்போ எடுத்துக்கறேன்."

மாமி கெட்டவர் அல்ல. அவர் பயத்தை அவர் சொன்னார். அந்தப் பயம் அப்படியே எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டரிடம் போகலாம் என்று அம்மா சொன்னாள். எனக்குத் தைரியம் இல்லை. டாக்டர் குஷ்டம் என்று அந்தப் பேரைச் சொல்லிவிட்டால்? பிள்ளையை அவளிடமிருந்து பிரித்துவிடுவார்கள், அவளை எங்கேயோ கொண்டுபோய் விடுவார்கள் என்று அந்தக் காலத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வியாதிக்கு விரல் மரத்துப் போகும் என்றும் கேட்டிருந்தேன். ஒரு மத்தியானம் அவள் சுவரில் சாய்ந்து கண்மூடி இருக்கும்போது, பெருவிரல் நுனியில் குண்டூசியால் ஒரு குத்துக் குத்தினேன்.

"அம்மோ!" என்று துள்ளி எழுந்தாள். "உங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"வலிச்சுதா?"

"வலிக்காம? நீங்க ஒங்க விரல நீட்டுங்க, நானும் குத்திப் பாக்கேன்."

அவள் திட்டத் திட்ட எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அரைச் சந்தோஷம்தான். மற்ற விரல்களும் கறுத்தால் என்ன செய்வது என்ற நினைப்பு போகவில்லை.

கடையில் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர், எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான், வாய் ஓயாது. விரல் சங்கதியை அவரிடம் சொன்னேன்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அது பூஞ்சையாக்கும். நல்லமிளகுக் கொடியில மழைக்கு இலை கறுக்குதுல்லா, அதுக்கு என்னத்த அடிக்கான்?"

"துரிசு."

"துரிசு அடிச்சா பூஞ்சை சாவுதா இல்லியா?"

"சாவும்."

"இலையில சாவுறது நகத்துல சாவாதா? நகம் இலையை விடப் பெரிய ஆளா?"

துரிசு என்பது மயில்துத்தம், அந்த நீலக் கல். பொன்முடிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் மிளகுக்கும் ரப்பருக்கும் சாக்குச் சாக்காக வாங்கிப் போவார்கள். நானே நிறுத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். மழைக்காலத்தில் கறுத்து அழுகிய கொடி அதற்குப் பிறகு துளிர்த்தது என்று அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். தவிர, நாட்டு மருந்தில் ஆறாத புண்ணுக்கு அதைச் சுத்தி செய்து களிம்பாக்குவதும் உண்டு. சுத்தி செய்வது எப்படி என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதையும் நான் யோசிக்கவில்லை. மிளகுக் கொடியைத்தான் யோசித்தேன்.

ஒரு சிட்டிகை துரிசைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து, கருங்கல்லில் நுணுக்கி, உருகிய மெழுகில் போட்டுக் கிண்டினேன். களிம்பு பச்சையாக மாறியது. அம்மா டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"இது என்ன பச்சை?"

"வேப்பிலைச் சாறு."

"வேப்பிலை மணம் வரல்லியே?"

"மெழுகு மணத்த அடக்கிரும்."

துரிசு என்று சொல்லியிருந்தால் அவள் தொட்டிருக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. நீங்கள் என்னிடம் பொய் சொன்னபோதெல்லாம் நான் அடித்திருக்கிறேன். நான் சொன்ன பொய் இது.

இரண்டாம் நாள் எரிகிறது என்றாள். எரிந்தால்தான் பிடிக்கும் என்றேன். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்தேன். வாசலிலேயே அம்மாவின் சத்தம். மூத்தவள் தரையில் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கண் செருகியிருந்தது. துணியில் விழுந்ததைப் பார்த்தேன். பச்சையாக இருந்தது.

"காலம்பற தயிருஞ்சோறும் ஊட்டினேன். ஒண்ணுமே வேற குடுக்கல்ல. அஞ்சு வாட்டி எடுத்தாச்சு. இப்ப பச்சையாட்டு வருது."

அவள் ஊட்டினேன் என்று சொன்னதும் அவளுடைய பெருவிரலைப் பார்த்தேன். நம் வீட்டில் கரண்டியால் ஊட்டுவது கிடையாது. சோற்றைப் பெருவிரலாலும் மற்ற விரல்களாலும் குழைய மசித்து, உருட்டி, பெருவிரலால் தள்ளித்தான் பிள்ளை வாயில் கொடுப்போம். அதுவும் மூத்தவளுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கும் நேரம். ஊட்டி முடித்ததும் அம்மாவின் பெருவிரலை விடாமல் கடித்துச் சப்பிக்கொண்டிருப்பாள். இத்தனை நாளும் அதை நான் பார்த்துச் சிரித்திருக்கிறேன். களிம்பு பூசிய விரல் நாளுக்கு மூன்று தடவை பிள்ளையின் வாய்க்குள் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஓட்டோ பிடித்து சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அம்மா சாமிகளைக் கூப்பிட்டாள்.

"குஞ்ஞினு எந்தா கொடுத்தது?" என்று டாக்டரம்மா கேட்டார். பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று.

"தயிருஞ்சோறு" என்றேன்.

"வேற?"

அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்ததை அவள் சொன்னாள். "வேற ஒண்ணுமில்ல டாக்டரே."

மழைக்காலம், ஊரெல்லாம் வாந்தி. டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்து, நாக்கைப் பார்த்து, ஒரு சீட்டு எழுதி நீட்டினார். மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றார். எங்களுக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள்.

சீட்டோடு மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் போய் வரிசையில் நின்றேன். விஷம் என்று சொன்னால் ஆஸ்பத்திரியில் போலீசுக்கு எழுதுவார்கள். கடையில் தெரிந்தால் வேலை போகும். அதெல்லாம் பயம்தான். ஆனால் அவளிடம் எப்படிச் சொல்வேன் என்பதுதான் பெரிய பயம். சொல்லாமல் வீட்டுக்குப் போனால், ஒருவேளை சாதாரண வாந்தியாகவே இருந்தால், எல்லாம் தானாகச் சரியாகும். இப்படி ஒரு கணக்கும் எனக்குள் ஓடியது. உங்களிடம் மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்போது பெஞ்சில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். பிள்ளை சிணுங்கியது. அவள் அந்தக் கறுத்த பெருவிரலால் பிள்ளையின் வாயோரத்தைத் துடைத்தாள். பிள்ளை வாயைத் திறந்து விரலைப் பிடிக்கப் போனது.

"கொடுக்காத!" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பத்துப் பேரையும் தாண்டி டாக்டரம்மாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"டாக்டரே, துரிசு."

"எந்து?"

"துரிசு, டாக்டரே. இவளுக்கு நகத்துல புண்ணு. நாந்தான் களிம்புல துரிசு போட்டேன். அந்த விரல பிள்ள சப்பிச்சு."

"துரிசோ? குருமுளகினு அடிக்குந்ந துரிசோ?" மிளகுக் கொடிக்கு அடிக்கிற துரிசா என்று கேட்டு, டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எத்ர?"

டப்பாவில் மொத்தம் ஒரு சிட்டிகை, பிள்ளைக்கு எவ்வளவு போயிருக்கும் என்று தெரியாது என்றேன். எனக்கு மலையாளமும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

"ஈஸ்வரா! மனுஷ்யன்றே கையில் ஆணோ துரிசு தேய்க்குந்நது?" மனுஷன் கையிலா துரிசைத் தேய்ப்பது என்று.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பிள்ளையை வாங்கிக்கொண்டு போனார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். எங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேட்கவில்லை. கேட்காமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் என் ஆயுசில் நீளமான நேரம்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "வேப்பிலைன்னு சொன்னியளே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு எழுந்து வராந்தாக் குழாயடிக்குப் போய், அங்கே கிடந்த தேங்காய் நாரால் பெருவிரலைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துத் தேய்த்து ரத்தம் வந்தது. போதும் என்று கையைப் பிடித்தேன். என் கையைத் தட்டிவிட்டுத் திரும்பவும் தேய்த்தாள்.

பிள்ளையைக் கட்டிலில் கொண்டுவந்து கிடத்தினார்கள். உடம்பு துணி மாதிரி துவண்டு கிடந்தது. டாக்டரம்மா வந்து சொன்னார்: "இனி மூத்ரம் போகணம். அதா காரியம். போயால் உடனே பறயணம்." துரிசு ரத்தத்தில் ஏறியிருந்தால் சிறுநீர் நின்றுபோகும், அதனால் போனதும் உடனே சொல்ல வேண்டும் என்று நர்ஸ் பிறகு எனக்கு விளங்கச் சொன்னார்.

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பாலும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து கொடுத்ததைச் சொட்டுச் சொட்டாக இறக்கினோம், இந்தத் தடவை ஆஸ்பத்திரி ஸ்பூனால். அடிக்கொரு தரம் துணியைத் தொட்டுப் பார்ப்பேன். காய்ந்திருக்கும். அம்மாவும் தொட்டுப் பார்ப்பாள், ஆனால் புறங்கையால். விரல் நுனி பிள்ளைமேல் பட அவள் விடவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற ஒரு பெண், தன் மகனோடு இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, என் மூத்த பய மண்ணெண்ண குடிச்சவன். இதே வார்டுதான். செத்தாம்னு நெனச்சேன். இப்ப என்னையே எதுத்துப் பேசுதான். சும்ம இருங்க, மூத்திரம் பெய்யும்."

பெய்யவில்லை. நிழல் சுவரில் ஏறியது. சாயங்காலம் காப்பிக்காரன் வந்து போனான். நான் எத்தனை தடவை துணியைத் தொட்டேன் என்று தெரியாது. என் விரலில் ஈரம் இருக்கிறதா, வியர்வையா என்றுகூடப் புரியாமல் போயிற்று. கடைசியில் தொடுவதற்கே பயந்து கையை எடுத்துவிட்டேன்.

விளக்குப் போடும் நேரத்துக்கு என் தொடையில் சுடச்சுட ஏதோ பரவியது. முதலில் எனக்கு விளங்கவில்லை. வேட்டி நனைந்து, கீழே தரையில் சொட்டியது.

"சிஸ்டரே!" என்று கத்தினேன். "போச்சு, சிஸ்டரே! மூத்திரம் போச்சு!"

வார்டே சிரித்தது. நர்ஸ் ஓடிவந்து பார்த்து, "ஒரு மூத்ரத்தினா இங்ஙன ஆர்ப்பிடுந்நது?" என்று கேட்டுச் சிரித்தார், ஒரு மூத்திரத்துக்கா இப்படிக் கூப்பாடு போடுவது என்று. பக்கத்துக் கட்டில்காரி, "அண்ணாச்சி இனி அந்த வேட்டிய அலச மாட்டாரு, அப்படியே வச்சுக் கும்பிடுவாரு" என்றாள். அம்மா சிரிக்கவில்லை. நனைந்த என் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். துரிசுதானா, வெறும் மழைக்கால வாந்தியா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். பச்சை வாந்தி பித்தத்தாலும் வரும், எதுவென்று அறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்கு இன்றைக்கும் தெரியாது. அம்மாவின் விரலையும் பார்த்தார். பெருவியாதி இல்லவே இல்லை, காரத் தண்ணீரில் ஊறி வந்த பூஞ்சை, காயவைக்க வேண்டும் என்று ஊதா மருந்து ஒன்று தந்தார். ஒரு நாள் டாக்டரிடம் போயிருந்தால் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளைக்கு நல்ல பசி. கஞ்சியைக் கரண்டியால் கொடுத்தாள் அம்மா. பிள்ளை துப்பியது. கரண்டியைத் தட்டிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தது. அவள் கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். ஒரு வாரம் இப்படியே போயிற்று. பிள்ளை பாதி வயிறாகத் தூங்கியது. அவளுடைய மற்ற விரல்களில் நகக்கண் மறுபடியும் வெடித்து ரத்தம் கட்டியது. களிம்பு என்று நான் வாயெடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பார்க்கும்படி அடுப்பின் முன்னால் உட்கார்ந்தேன். பழைய டப்பாவை ஏற்கெனவே நசுக்கிப் புதைத்திருந்தேன். புது டப்பா. தேங்காய் எண்ணெய்க் குப்பியை அவளிடம் முகர்ந்து பார்க்கக் கொடுத்தேன். விளக்கெண்ணெயையும் கொடுத்தேன். மெழுகை அவளே வடிகட்டினாள். இறக்கி ஆறியதும், ஒரு கரண்டி எடுத்து அவளுக்கு முன்னால் வாயில் போட்டு விழுங்கினேன். தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது.

"பாத்தியா? ஒண்ணுமில்ல."

"நாளைக்கு இந்நேரம் வரைக்கும் பாக்கேன்" என்றாள்.

அன்றைக்கு முழுதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொல்லைப்புறம் போனால் எத்தனை தடவை என்று கேட்டாள். விளக்கெண்ணெய் ஆயிற்றே, மூன்று தடவை போனேன். மறுநாள் அதே நேரத்துக்கு டப்பாவைத் திறந்து, இடது கைச் சுண்டுவிரலில் மட்டும் ஒரு பொட்டுப் பூசினாள். இரண்டு நாள் கழித்துத்தான் மற்ற விரல்களுக்கு. பெருவிரலுக்கு டாக்டர் தந்த ஊதா மருந்துதான், அதுவும் பிள்ளை தூங்கிய பிறகு.

நகம் முழுதும் மாறி, பெருவிரல் வெளுத்த பிறகுதான் ஒரு நாள் அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, தட்டில் பருப்புஞ்சோறு மசித்தாள். முதல் சோற்று உருளையை என் பக்கம் நீட்டினாள். தின்றேன். இரண்டாவதை அவள் தின்றாள். மூன்றாவது பிள்ளைக்கு. பிள்ளை விழுங்கியது, விழுங்கிவிட்டு அந்தப் பெருவிரலைப் பிடித்துக் கடித்தது. நான் குனிந்து பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்படி வெறிச்சுப் பாத்தா பிள்ளைக்குக் கண்ணு பட்டிரும். அந்தால போய் இருங்க."

எழுந்து போனேன். வாசல் பக்கம் நின்று, ஒவ்வொரு உருளைக்கும் பிள்ளை விழுங்குகிற சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.